யார்க்‌ஷயர் மலையில் ஒரு கைகாட்டி மரம்

இங்கிலாந்தின் வடகிழக்கில், வடக்கு யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவுக்குள் குரோஸ்மண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. எழுத்தில் நடுவே ஓர் 'எஸ்' உண்டு, வாயில் வராது. 'குரோமண்ட்' என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஒரே தெரு. ஒரு மளிகைக் கடை, ஒரு தேநீர்க் கடை, ஒரு மதுக்கூடம், ஒரு தேவாலயம். அந்தத் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தண்டவாளம் போகிறது. ரயில் வரும்போது கேட்டை மூடுகிறார்கள். காரில் வந்தவர்கள் இறங்கிக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கேட்டருகே நிற்கிறார்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வருவது நிலக்கரியில் ஓடும் நீராவி ரயில்.

எங்கள் சித்தி மகள் மிடில்ஸ்பரோவில் மருந்தாளராக இருக்கிறாள். ஆகஸ்டு மாதம் அவளைப் பார்க்கப் போனபோது ஒரு வாரத்தை இந்த ஊருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். மிடில்ஸ்பரோவிலிருந்து சாதாரண டீசல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆற்றங்கரை, ஆட்டு மந்தை, கற்சுவர் போட்ட வயல் என்று ஜன்னலில் காட்சி மாறிக்கொண்டே வரும். மலை முழுக்க ஹெதர் என்ற குறுஞ்செடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. நம் கேமரன் மலையின் பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு உலகம்.

நான் போனது சுற்றிப் பார்க்க மட்டும் இல்லை. ஒரு பழைய ரயில் கைகாட்டியைச் சுத்தம் செய்து, வர்ணம் பூசி, மறுபடி நட்டு வைக்கும் வேலைக்குக் கூலியில்லாக் கையாளாக.

குதிரை இழுத்த ரயில்

இந்தப் பாதையைப் போட்டவர் சாதாரண ஆள் இல்லை. ரயில்வேயின் தந்தை என்று பள்ளியில் படித்தோமே, அதே ஜார்ஜ் ஸ்டீவன்சன். விட்பி துறைமுகத்தையும் பிக்கரிங் நகரத்தையும் இணைத்து 1836இல் இது முழுவதும் திறக்கப்பட்டபோது, பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். அந்தக் குதிரைகளுக்காகக் குடைந்த சிறிய சுரங்கப்பாதை இன்றும் குரோஸ்மண்டில் இருக்கிறது. இன்ஜின் பட்டறைக்குப் போகும் பார்வையாளர்கள் அதன் வழியாக நடந்தே போகலாம். தலை குனிய வேண்டியதில்லை. ஆனால் குனியத் தோன்றும்.

நூற்று முப்பது ஆண்டு ஓடிய பிறகு, 1965இல் வரவு போதவில்லை என்று குரோஸ்மண்ட் – பிக்கரிங் பாதையை மூடிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் உள்ளூர் ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1973இல் பாதை மறுபடி திறந்தது. இன்று 18 மைல் தூரத்துக்கு ரயில் ஓடுகிறது. கோடையில் விட்பி கடற்கரை வரைக்கும் போகிறது. டிக்கெட் பரிசோதகர், கேட் காவலர், கரி அள்ளிப் போடுபவர், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் என்று நீங்கள் பார்க்கும் முகங்களில் பலவும் தன்னார்வலர்கள். அடுத்த நிலையமான கோத்லண்டைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். முதல் ஹாரி பாட்டர் படத்தில் வரும் ஹாக்ஸ்மீட் ரயில் நிலையம் அதுதான்.

கைகாட்டி செய்யும் வேலை

தமிழில் இதற்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கம்பத்தின் உச்சியில் சுமார் நான்கு அடி நீளத்தில் சிவப்புக் கை. கிடைமட்டமாக நீட்டியிருந்தால் 'நில்'. சாய்ந்திருந்தால் 'போ'. தூரத்திலேயே எச்சரிக்கும் கைகாட்டி மஞ்சள் நிறம்; அதன் முனை மீன்வால் போல வெட்டியிருக்கும்.

இரவில் கை தெரியாது அல்லவா? அதற்காகக் கையின் மறுமுனையில் மூக்குக்கண்ணாடி போல இரண்டு வண்ணக் கண்ணாடிகள். பின்னால் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. கை அசைந்தால் கண்ணாடியும் நகர்ந்து விளக்கின் முன் வந்து நிற்கும். ஒன்று சிவப்பு. மற்றது பச்சை என்றுதானே நினைப்பீர்கள்? கையில் எடுத்துப் பார்த்தால் அது நீலம்! மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக எரியும். நீலக் கண்ணாடி வழியே வரும்போது பச்சையாகத் தெரியும். எந்தச் சுடருக்கு எந்தக் கண்ணாடி என்று நூறு ஆண்டுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சோகக் கதையும் உண்டு. அந்தக் காலத்தில் ரயில் வராதபோது கை 'போ' என்ற நிலையிலேயே கிடக்கும். ஆபத்து என்றால்தான் 'நில்' காட்டுவார்கள். 1876 ஜனவரியில் அபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் கடும் பனி. கைகள் உறைந்து 'போ' என்றே நின்றுவிட்டன. ரயில்கள் ஒன்றோடொன்று மோதி உயிர்ச்சேதம் ஆனது. அதற்குப் பிறகுதான் 'நில்' என்பதே கைகாட்டியின் இயல்பு நிலை என்ற வழக்கம் வந்தது. பின்னாளில் கையை மேல்நோக்கி உயரும்படியும் செய்தார்கள். கம்பி அறுந்தாலும், பனி ஏறினாலும், கை தன் பாரத்திலேயே கீழே விழுந்து 'நில்' காட்டிவிடும். எது கெட்டாலும் நல்லதன் பக்கமே விழ வேண்டும் என்ற இந்த ஏற்பாடு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது.

நாம் தினமும் திட்டிக்கொண்டே காத்திருக்கும் சாலைச் சிக்னலுக்கும் இதுவே தாய். உலகின் முதல் சாலைச் சிக்னல் 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நடப்பட்டது. அதை வடிவமைத்த ஜே.பி. நைட் ஒரு ரயில்வே சிக்னல் பொறியாளர். பகலில் கைகாட்டி, இரவில் சிவப்பும் பச்சையுமான எரிவாயு விளக்கு. ஒரு மாதத்துக்குள் எரிவாயு கசிந்து வெடித்தது. அதை இயக்கிய காவலர் படுகாயமடைந்தார்.

துருவும் வர்ணமும்

பட்டறையில் முதல் காலை பாதுகாப்பு வகுப்பு. ஆரஞ்சு நிறச் சட்டை, இரும்பு முனை வைத்த காலணி, தண்டவாளத்தைக் கடக்கும் முன் இரு பக்கமும் பார்க்கும் முறை. அதன் பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு கம்பித் தூரிகையும், உப்புத்தாளும், கம்பத்தின் கீழ்ப் பாதியும்.

எங்கள் குழுவில் ஆறு பேர். தலைவர் எழுபதைத் தாண்டிய முன்னாள் வேதியியல் ஆசிரியர். ஓய்வு பெற்ற தாதி ஒருவர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை எடுத்து வந்த ஒருவர். பதினேழு வயது மாணவன் ஒருவன். அவனுக்குத் தெரியாத கைகாட்டி வகையே இல்லை. மின்தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர். ஆறாவது ஆள், சம்பால் பாட்டிலோடு போய்ச் சேர்ந்த நான்.

பழைய வர்ணத்தைச் சுரண்டினால் அடியில் இன்னொரு வர்ணம்; அதற்கு அடியில் இன்னொன்று. அதன் கீழே துரு. துருவை முழுவதும் எடுத்து, அடிப்பூச்சு அடித்து, காயவிட்டு, அதன் மேல் வெள்ளை. கம்பத்தின் அடியில் மட்டும் கறுப்பு. கையின் தகட்டில் எனாமல் பூச்சு இருந்ததால் அதற்கு வர்ணம் வேண்டாம்; சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும். கம்பத்தின் தலையில் கோபுரக் கலசம் போல ஓர் இரும்பு அலங்காரம் இருந்தது. ரயிலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க ஒரு மூடி வேண்டும். மூடிதானே என்று விடவில்லை அவர்கள்" என்றார் ஆசிரியர்.

குரோஸ்மண்டில் இதைவிடப் பெரிய வேலை நடந்திருக்கிறது. ஸ்கார்பரோ நகரில் தண்டவாளங்களின் மேலே பாலம் போல நின்ற ஃபால்ஸ்கிரேவ் கைகாட்டிச் சட்டம், 2010இல் அங்கே நவீன விளக்குகள் வந்தபோது வேலையிழந்தது. அதைக் கழற்றி, இங்கே கொண்டுவந்து, மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நடைமேடையில் நின்றால் பார்க்கலாம்.

தாத்தா பேசினார்

இந்த ஊரைத் தேடி நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா மலாயா ரயில்வேயில் விளக்குக்காரர். லேம்ப்மேன். ஜொகூரில், குளுவாங் பக்கம். 1959இல் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது எண்பத்தாறு வயது. "ரயில்வேயில இருந்தேன்" என்று சொல்வாரே தவிர, என்ன வேலை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஸ்டேஷன் மாஸ்டர் வேலை பார்த்தவர் பெருமை பேசலாம். ஏணி ஏறி விளக்குத் துடைத்தவனுக்கு என்ன பெருமை என்பது அவர் கணக்கு.

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணி, நம் ஊரில் இரவு ஒன்பது. விளக்கைப் பிரித்து வைத்திருந்தோம். எட்டு நாள் வரை அணையாமல் எரியும் வகை. திரியை எப்படி வெட்டினால் புகை கட்டாது என்று பேச்சு வந்தது. நான் வீட்டுக்குக் காணொளி அழைப்புப் போட்டேன்.

தாத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"நேரா வெட்டச் சொல்லும்மா. வெட்டிட்டு ரெண்டு ஓரத்தையும் லேசா கிள்ளி விடணும். மூலை நின்னா சுடர் கொம்பு மாதிரி ஏறும், கண்ணாடி கறுத்துடும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் ஆசிரியர் சிரித்துத் தலையாட்டினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதையேதான் சொன்னாராம். அதன் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நான் நடுவில் மொழிபெயர்ப்பாளர். தூரத்துக் கைகாட்டிக்கு எப்படிப் போவீர்கள்? சைக்கிளில், எண்ணெய் டின்னைப் பின்னால் கட்டிக்கொண்டு. மழையில்? மழை என்று விளக்கு லீவு போடுமா? ஏணியில் பயம் இல்லையா? "ஏணியில பயமில்ல. விளக்குப் பெட்டியைத் திறந்தா உள்ள குளவி கூடு கட்டியிருக்கும், அதுதான் பயம். அடியில பாம்பு. ஏறுறதுக்கு முன்னால கம்பத்தை ஒரு தட்டுத் தட்டணும்." பதினேழு வயது மாணவன் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

கடைசியில் தாத்தா ஒரு கேள்வி கேட்டார். "சம்பளம் எவ்வளவு குடுக்கிறாங்க?"

"சம்பளம் இல்ல தாத்தா. எல்லாரும் சும்மாதான் வந்து செய்றாங்க."

"சும்மாவா? வெள்ளைக்காரன் சும்மா வந்து விளக்குத் துடைக்கிறானா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெரியவர்கிட்ட குடு" என்றார். நான் கைப்பேசியை ஆசிரியரிடம் நீட்டினேன். தாத்தா ஆங்கிலத்தில், மெதுவாக, "ஐ வாஸ் லேம்ப்மேன். தேர்ட்டி ஃபோர் இயர்ஸ்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் முறை. ஆசிரியர் தொப்பியைக் கழற்றினார்.

கம்பம் எழுந்த நாள்

ஐந்தாம் நாள் கம்பத்தை நட்டார்கள். பாரந்தூக்கியை இயக்குவது, உயரத்தில் ஏறுவது எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேலை. நாங்கள் கீழே நின்று கயிறு பிடித்தோம், கம்பி இழுத்தோம். கைகாட்டியிலிருந்து சிக்னல் அறை வரை தரையோரமாகக் கம்பி போகிறது. இடையிடையே சிறு கப்பிகள். வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். அதற்கேற்ப இறுக்கித் தளர்த்தவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது.

பிரிட்டிஷ் சிக்னல் அறை என்பது தனி உலகம். வரிசையாக நெம்புகோல்கள். நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, தூரத்துச் சிக்னலுக்கு மஞ்சள், பாதை மாற்றும் நெம்புகோலுக்குக் கறுப்பு, அதன் பூட்டுக்கு நீலம். பாதை சரியாக அமையாவிட்டால் சிவப்பு நெம்புகோல் அசையவே அசையாது. அடியில் இரும்புப் பூட்டுகள் ஒன்றை ஒன்று தடுத்துவிடும். வெறுங்கையால் நெம்புகோலைத் தொடக் கூடாது. ஒரு துணியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். வியர்வை பட்டால் பளபளக்கும் கைப்பிடி துருப்பிடிக்கும்.

மாலையில் கடைசி ரயில் போன பிறகு சோதனை. சிக்னல்காரர் துணியை என்னிடம் கொடுத்து, அருகிலேயே நின்றுகொண்டார். கை பலத்தால் இழுத்தேன், நகரவில்லை. "கையால் இல்லை, உடம்பால்" என்றார். ஒரு காலை முன்வைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்தபோது நெம்புகோல் 'டக்' என்று வந்து விழுந்தது. வெளியே கை உயர்ந்தது.

ஆனாலும் அது இன்னும் வேலையில் சேரவில்லை. தகுதி பெற்ற பொறியாளர் சோதித்துக் கையெழுத்துப் போடும் வரை, கையின் மேல் ஒரு பெருக்கல் குறிப் பலகையைக் கட்டி வைப்பார்கள். 'இந்தச் சிக்னலைக் கண்டுகொள்ள வேண்டாம்' என்று ஓட்டுநருக்கு அர்த்தம். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது எங்கள் கைகாட்டி அந்தக் குறியோடுதான் நின்றது.

ஆசிரியருக்கும் ஒரு கவலை உண்டு. ஏணி ஏறத் தெரிந்தவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி வந்துவிட்டது என்றார். அந்தப் பதினேழு வயதுப் பையனைப் போல இன்னும் சிலர் வந்தால்தான் அடுத்த முறை வர்ணம் அடிக்க ஆள் இருக்கும். பையனை அவர் அதட்டாமல் சொல்லிக்கொடுத்த விதத்துக்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நம் பக்கத்தில்

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. அங்கிருந்து தொடங்கி, தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழர் உழைப்பு எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் எழுத்தர்களாகவும், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தண்டவாளத்திலும் பட்டறையிலும் வேலை பார்த்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் அந்த ரயில்வே குடும்பங்களால் வளர்ந்த ஊர்.

அதில் இன்று கண்ணால் பார்க்க என்ன மிச்சம்? கோலா செப்பெத்தாங்கில் பழைய போர்ட் வெல்ட் நிலையத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் தமிழும் உண்டு. சிங்கப்பூரில் 2011 ஜூன் 30ஆம் நாளோடு தஞ்சோங் பகார் ரயில் நின்றது. ஆனால் புக்கிட் தீமா நிலையத்தையும் அதன் இரும்புப் பாலத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். ஓட்டுநர் வளையத்தில் மாட்டிய சாவி டோக்கனைக் கைமாற்றிக்கொண்டு போகும் பழைய முறை கடைசி வரை நடந்த நிலையம் அது. வார இறுதியில் பிள்ளைகளோடு நடந்து போகலாம். குளுவாங்கில் 1938 முதல் நடக்கும் ரயில் காப்பிக்கடை இன்றும் உண்டு. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை மின்சார இரட்டைப் பாதை வந்துவிட்டது. அது வேகம், அது வசதி. எனக்கு அதில் வருத்தமில்லை. தாத்தாவுக்கும் இல்லை. "நல்லதுதானே, யாரும் ஏணி ஏற வேணாம்" என்கிறார்.

எனக்குத் தோன்றுவது வேறு. இரும்பைக் காப்பாற்றப் பட்டறை வேண்டும், நிலம் வேண்டும், அனுமதி வேண்டும். அந்த இரும்போடு வாழ்ந்தவர்களின் அறிவைக் காப்பாற்ற ஒரு நாற்காலியும் ஒரு கைப்பேசியும் போதும். ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஞாயிறுதோறும் தாத்தாவிடம் ஒரு மணி நேரம் ஒலிப்பதிவு செய்கிறேன். வானொலியில் பேசிப் பழகிய எனக்கே கேள்வி கேட்க இடம் கிடைப்பதில்லை. முன்பு பேச்சை மாற்றியவர், இப்போது ஒலிவாங்கியை வைக்கும் முன்பே தொடங்கிவிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு ரயில்வேக்காரர், ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, ஒரு தபால்காரர் இருக்கலாம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வேலையை எப்படிச் செய்வது என்று கேளுங்கள்.

போக விரும்பினால்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் நகருக்கு விரைவு ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து பிக்கரிங்குக்குப் பேருந்து உண்டு. அல்லது மிடில்ஸ்பரோ வழியாகக் குரோஸ்மண்டுக்கே ரயிலில் வரலாம். நீராவி ரயில் குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது. நாட்களைப் பார்த்து முன்பதிவு செய்வது நல்லது. ஹெதர் பூக்க ஆகஸ்டு மாதம். கோடையிலும் குளிர்சட்டை அவசியம்.

வேலை செய்ய ஆசை என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போகிறவர், பயணத்தின் ஒரு பகுதியாக, பதிவு பெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வ வேலை செய்யலாம் என்பது பிரிட்டிஷ் குடிநுழைவு விதி. பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. விதிகள் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நல்ல காலணி எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் நாளே பாட்டில் காலியாகிவிடும்.